கைப்பிடி அரிசிக் கஞ்சி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குப் போகும்போது சாமான் பெயர்கள், கிறிஸ்துமஸ் அட்டையில் முகவரி, அவ்வளவுதான். வரி கோணலாகப் போகும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது மனசில் சரியாக நிற்பதில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காகிதம் பரவாயில்லை. அது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் சொல்ல வந்தது, கரங்கான் என்கிற எங்கள் ஊரில், மாதா கோயில் மண்டபத்தில் நாங்கள் வைத்த கஞ்சி அடுப்பைப் பற்றி. பார்க்கிறவர்களுக்கு அது இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிற இடம். ஃபாதர் பூசையில் அப்படித்தான் சொல்வார். எனக்கு அது வேறாக இருந்தது. அது நின்றுபோனால் நான் யாரோடு சாப்பிடுவேன் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு கிழவிக்கு ஒரு வாய்ச் சோறு, அதற்கு ஒரு மண்டபமா என்று.

என் வீட்டுக்காரர் ஊரடங்குக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார். மகன் ஜொகூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் போடுவான். "சாப்பிட்டீங்களாம்மா?" என்பான். "ஆச்சுப்பா" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவனும் என்னைப் போல்தான்.

ஊரடங்கில் கோயிலையும் மூடிவிட்டார்கள். எங்கள் கோயில் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே ஒரு டின்னில் போட்டு வைப்போம். மைலோ டின்தான் பெரும்பாலும். மாசம் ஒருமுறை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய டிரம்மில் கொட்டுவோம். அது கோழி வளர்ப்பவர் யாருக்காவது போகும். காசு கோயிலுக்குச் சேரும். எங்கள் அம்மா காலத்திலிருந்தே இப்படித்தான். கோயில் மூடியிருந்த மாசங்களிலும் கை பழக்கத்தில் எடுத்துக்கொண்டே இருந்தது. டின் நிறைந்தது, வாளி நிறைந்தது. கோயில் திறந்த அன்று எல்லாரும் அரிசியோடு வந்தார்கள். டிரம் பத்தவில்லை. மண்டபத்துச் சிமென்ட் தரையில் பாய் விரித்துக் கொட்டினோம். வண்டு ஓடியது.

அப்போது எங்களோடு ஓர் அக்கா இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வானவர். யாருக்கும் பயப்படமாட்டார். அவர்தான் சொன்னார்.

"வெளிய வேல போயி உக்காந்திருக்கான் பாதிப் பேரு. இத கோழிக்குப் போடவா போறோம்? ஆக்கிப் போடுவோம்லா."

அப்படித்தான் ஆரம்பித்தது. லோரி ஓட்டுகிற தம்பி ஒருவர் பெரிய அண்டா கொண்டுவந்தார். தம்பி என்கிறேனே தவிர அவருக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாசார்ச் சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அவர் இந்து, அவராகவே பருப்பும் வெங்காயமும் அனுப்பினார். முதல் நாள் சோறும் பருப்புக் குழம்பும் என்று முடிவு செய்தோம்.

சோறு கெட்டுப்போனது. ஒரே மூட்டை அரிசி வாங்கி ஆக்குகிற யாருக்கும் இது நடந்திருக்காது. எங்களுக்கு நடந்தது. ஒரு வீட்டு அரிசி சியாம் அரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், சீனி வியாதிக்காரர் வீட்டில் பாஸ்மதி, யான் என்கிற ஊர்ப்பக்கம் பிறந்த வீடு உள்ள ஓர் அம்மா வயலில் இருந்து வந்த புது அரிசி போட்டிருந்தார். எல்லாம் ஒரே அண்டாவில். புது அரிசி குழைந்து கூழானபோது புழுங்கல் அப்போதுதான் முழித்துப் பார்த்தது.

லோரித் தம்பி ஒரு பருக்கையைக் கடித்துப் பார்த்தார்.

"என்னாக்கா இது? பாதி பல்ல ஒடைக்குது, பாதி நழுவி ஓடுது."

"எல்லா வீட்டு அரிசியும் ஒன்னா கொட்டுனோம்லா. உள்ள சண்ட போடுது," என்றார் அக்கா.

"மாமியா மருமவளப் போட்டு ஒரே ரூம்ல பூட்டுன மாதிரி."

"ஒன் வீட்டுக் கதைய இங்க சொல்லாத. வாசல்ல ஆளு நிக்கிது."

வாசலில் உண்மையிலேயே ஆட்கள் நின்றார்கள், தள்ளித் தள்ளி, முகக்கவசம் போட்டுக்கொண்டு. எல்லாரும் அண்டாவையே பார்த்தோம். நான்தான் சொன்னேன். "தண்ணி ஊத்திருவோங்க்கா." அவ்வளவுதான் சொன்னேன், அதுவும் மெதுவாக. தண்ணீர் ஊற்றினோம். வெந்தயம், பூண்டு, இஞ்சி போட்டோம். கடையில் இருந்து தேங்காய்ப்பால் வந்தது. புழுங்கல் வேகிற வரைக்கும் கொதிக்கவிட்டுக் கஞ்சியாக்கி, பருப்புக் குழம்பைத் துவையல் மாதிரி வற்றவிட்டு ஓரத்தில் வைத்தோம். எங்கள் கோயில்களில் பெரிய வெள்ளியன்று கஞ்சி ஊற்றுவது வழக்கம். வரிசையில் முதலில் நின்றவர் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரிய வெள்ளி முடிஞ்சி எவ்ளோ நாளாச்சி, இன்னும் சாமி எந்திரிக்கலயா?" என்றார். வரிசையே சிரித்தது. மாசக்கணக்கில் அத்தனை பேர் சிரித்து நான் கேட்டதில்லை.

அதிலிருந்து கஞ்சி என்றே ஆகிவிட்டது. அரிசி கலந்து வருவதால் வேறு வழியுமில்லை. புதன், சனி இரண்டு நாளும் வைப்போம். இக்கான் பீலிஸ், அதாவது நெத்திலிக் கருவாட்டுச் சம்பல் தனிச் சட்டியில் இருக்கும். புரட்டாசியில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக அந்தச் சட்டியை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். ஊரடங்கு எடுத்த பிறகு மண்டபத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மா ஒருவரும் தன் சம்பலோடு வந்து போவார். எங்கள் கஞ்சியை வாளியிலிருந்து கரண்டியால் தூக்கிப் பார்த்து, உப்புக் குறைந்தால் முகத்தைச் சுளிப்பார்.

கஞ்சியைத் தவிர அலமாரியும் இருந்தது. மண்டபத்தில் முன்பு பாலர் பள்ளி நடந்தது. அந்தப் பிள்ளைகளின் குட்டை அலமாரிகள் சுவரோரம் அப்படியே கிடந்தன. அதில் அரிசிப் பொட்டலம், சாடின் மீன் டின், மீகூன் சேமியா, சீனி, மைலோ, சோப்பு என்று வைத்தோம். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது அக்கா வைத்த சட்டம். ஆனால் ஆரம்பத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. அலமாரி குட்டை. குனிந்தால்தான் கை எட்டும். இத்தனை பேர் பார்க்க யார் குனிவார்கள்?

எனக்கு அது புரிந்தது. நானாக இருந்தாலும் குனியமாட்டேன். அதனால் சாப்பாடு முடிந்து கலைகிற நேரத்தில் நான் அடுப்படிக் குழாய்க்குப் போய், மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். வேண்டுமென்றே மூடிகளை ஒன்றோடு ஒன்று தட்டுவேன். சத்தம் கேட்கிற வரைக்கும் நான் திரும்பமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. பின்னால் அலமாரிக் கதவு மெல்லக் கிரீச்சிடும். தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண் வருவாள். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பதை வைத்தே அவள் என்று தெரியும். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அந்த மண்டபத்தில் நான் செய்த வேலை என்று ஒன்றைச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். திரும்பாமல் நின்றேன்.

சாப்பிட வருகிறவர்களில் லயத்து அண்ணன் என்று நாங்கள் சொல்லும் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர். ரப்பர்ப் பால்மரம் சீவின தோட்டம் செம்பனையாக மாறி, வேலையாட்களும் வெளிநாட்டுக்காரர்களாக மாறிய பிறகும் அந்தப் பழைய லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் அவர் மட்டும் இருந்தார். மனைவி இல்லை. பிள்ளைகள் இல்லை. பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து கஞ்சியை ஊதி ஊதிச் சாப்பிடுவார். தட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"நீங்க சாப்டீங்களா தங்கச்சி?"

"ஆச்சுண்ணே."

பொய். நான் எல்லாரும் போன பிறகு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவேன். மண்டபத்துக்குள் போய் உட்கார எனக்குக் கூச்சம். ஆனால் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளே தட்டில் கரண்டி படும் சத்தம், யாரோ புரையேறி இருமுவது, லோரித் தம்பி யாரையாவது கேலி பண்ணுவது, எல்லாம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு நின்று சாப்பிட்டால் கூட்டத்தோடு சாப்பிட்டது போலத்தான். வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. வீட்டில் பாத்திரத்தை நான் வைத்தால்தான் சத்தம்.

பிறகு ஆள் குறைய ஆரம்பித்தது. சாப்பிட வருகிறவர்கள் இல்லை, வேலை செய்கிறவர்கள். கூலிம் டவுன் தொழிற்சாலைகள் பழையபடி ஓடத் தொடங்கியதும் ஷிஃப்ட்டுக்குப் போகிற பெண்கள் நின்றுவிட்டார்கள். அக்காவின் மகள் அலோர் ஸ்டாரில், மெர்கோங் பக்கம் வீடு வாங்கி அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். போகிற அன்று அக்கா மண்டபத்துக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் ஒருமுறை திட்டிவிட்டுப் போனார். லோரித் தம்பிக்கு முட்டி வலி. கேஸ் தூக்க முடியவில்லை. சனிக்கிழமை நின்றது. புதன்கிழமை நானும் தம்பியும் மட்டும். சில நாள் நான் மட்டும்.

கோயில் குழுவுக்குத் தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். நல்ல மனிதர். அவர் குழுவில் பேசி, இனி மண்டபத்தில் சமைக்க வேண்டாம், அதற்குப் பதில் மாசம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் அரிசி சாமான் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அலமாரியில் இருந்ததும் அந்தப் பொட்டலத்திலேயே சேர்ந்துவிடும். யாரும் வெயிலில் வர வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால் தப்பாகச் சொல்லவில்லை.

எனக்கு அது ஞாயிறு பூசை முடிந்துதான் தெரியும். பூசை முடிந்ததும் வாத்தியார் மைக்கைப் பிடித்து என்னை முன்னால் வரச் சொன்னார். எதற்கு என்று தெரியாமல் போனேன். இந்த அம்மா இத்தனை நாள் அடுப்போடு வெந்தார்கள், இனி அவர்கள் ஓய்வெடுக்க வேண்டும், மண்டபத்துச் சமையலை இன்றோடு நிறுத்துகிறோம் என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை கழுத்தில் குத்தியது. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் சிரிப்பது போல் இருக்கிறது.

"ரெண்டு வார்த்த பேசுங்கம்மா," என்றார் வாத்தியார்.

நான் "நன்றி" என்றேன். ஒரு வார்த்தைதான் வந்தது.

அக்கா மெர்கோங்கில் இருந்து போன் போட்டார்.

"ஏண்டி, வேணாம்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"எல்லாரும் கை தட்டிட்டாங்கக்கா. அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

"பொன்னாடையப் போத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லு."

"நல்ல மனசோடதான் செஞ்சாங்க."

"அதான் சூசாவே, கஷ்டமே. கெட்ட மனசோட செஞ்சா சண்ட போட்டுரலாம்."

பொன்னாடையை மடித்து வீட்டு அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழுந்து வாசல் கூட்டுவேன். குளித்துவிட்டு மண்டபத்துக்குப் போகிற சேலையைக் கையில் எடுத்து, பிறகு திரும்ப வைப்பேன். ஒரு ஆளுக்கு உலை வைப்பது எப்படி என்று எனக்கு ஒருநாளும் கைவரவில்லை. அரிசியை அளந்து போட்டு, பழக்கத்தில் கைப்பிடி எடுத்தால் மிச்சம் இருப்பது ஒரு குழந்தைக்குக்கூடக் காணாது. எடுக்காமல் விட்டால் மனசு கேட்காது. போட்டதை எல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு தேத்தண்ணி போட்டு நாலு பிஸ்கட் ரொட்டியை நனைத்துத் தின்பேன். வானொலியைப் பேசவிடுவேன். அதில் பேசுகிறவர்கள் சாப்பிடுவதில்லை.

மகன் கேட்டால் ஆச்சு என்பேன்.

பொட்டலம் கொடுக்கிற வேலையை லோரித் தம்பி எடுத்துக்கொண்டார். வண்டியில் உட்கார்ந்து கொடுப்பதற்கு முட்டி வேண்டாம் என்றார். சில மாசம் கழித்து ஒருநாள், வீட்டில் சும்மாதானே இருக்கீங்க, வாங்க என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் வண்டியிலேயே இருந்தேன். அவர் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். பழைய லயத்துக்கு வந்தபோது மட்டும் என்னையும் கூப்பிட்டார். லயத்து அண்ணன் வாசலுக்கு வரவில்லையாம், உள்ளே பார்க்கலாம் என்றார்.

அவர் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடிப் போட்டார். தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. கஞ்சி குடித்த காலத்தில் அவர் இப்படி இல்லை. சுவரோரம் பார்த்தேன். கோயில் கொடுத்த பொட்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டு அவிழ்க்காமல், கோணல் இல்லாமல் அடுக்கியிருந்தன.

லோரித் தம்பியும் பார்த்துவிட்டார்.

"என்னாண்ணே, கட தொறக்கப் போறீங்களா?"

"விக்கிறதுக்கில்ல. ஒழுங்கா அடுக்கி வச்சா எலி வராது."

"அது சரி. சமைக்கலயா?"

"சமைச்சேன். மொதல்ல."

"கேஸ் இல்லியா? இருந்தா சொல்லுங்க, நான் கொண்டாரேன்."

"கேஸ் இருக்குலா. ஒரு ஆளுக்கு ஒல வச்சா சோறு அடங்க மாட்டேங்குது. மிஞ்சுது. கோழிக்குப் போட்டேன். அப்புறம் கோழிய பாம்பு தின்னுருச்சி."

"அப்ப என்னாதான் திங்கிறீங்க?"

"கோப்பி இருக்கு. ரொட்டி இருக்கு."

"அது காலப் பசியாற."

"எனக்குப் பூராவும் காலதான் தம்பி."

லோரித் தம்பி சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். மேசைமேல் ரொட்டி டின் திறந்திருந்தது. என் வீட்டு மேசைமேல் இருக்கும் அதே சதுர ரொட்டி. கோப்பியில் நனைந்த ரொட்டித் தூள் கோப்பையின் அடியில். அவருக்கு அரிசி கொடுத்துவிட்டோம் என்று கோயிலில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறோம். அந்த வீட்டை என் வீடு என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருப்பேன்.

அவர் வழக்கம் போலக் கேட்டார். "நீங்க சாப்டீங்களா தங்கச்சி?"

"இல்லண்ணே," என்றேன்.

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவள் பசியோடு இருக்கிறாள் என்பது அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. தானே குனிந்து மேல் பொட்டலத்தின் கட்டை அவிழ்த்தார். நான் அரிசி களைந்தேன். லோரித் தம்பி சாடின் டின்னை வெட்டினார். பின்பக்கம் மிளகாய்ச் செடி இருந்தது. அந்த வீட்டில் ஒரு தட்டும் ஒரு மங்குக் கிண்ணமும்தான் இருந்தன. தட்டு எனக்கு, மங்கு அவருக்கு. தம்பி சட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"மூடியில சாப்டா கல்யாணத்துக்கு மழ வரும்பாங்க," என்றார் அண்ணன்.

"எனக்கு இன்னொரு கல்யாணம்னா என் பொஞ்சாதி இடியே எறக்குவா."

லயத்து அண்ணன் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். நானும்.

அடுத்த நாள் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். போகிற வழி முழுக்க என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் மனைவி சர்பத் கலந்து வைத்தார். அதைக் குடித்ததும் சொல்ல வந்தது மறந்துவிட்டது. மண்டபச் சாவி வேண்டும், புதன்கிழமை மட்டும், என்று எப்படியோ சொன்னேன்.

"நீங்க கேக்குறது புரியுதும்மா. ஆனா ஆள் இல்லயே. கேஸ் தூக்க ஆள் இல்ல, கழுவ ஆள் இல்ல."

"சாப்புட வர்றவங்க இருக்காங்க சார். ஆளுக்கு ஒரு கை போடுவாங்க."

"அவங்கள வேல வாங்கிட்டுச் சாப்பாடு போட்டா நல்லா இருக்குமா? வெளிய என்ன பேசுவாங்க?"

அதுவும் நியாயமான கேள்விதான். லயத்து அண்ணன் வீட்டுப் பொட்டலங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவருக்கு அவமானம். அதனால் என்னைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது.

"எனக்குக் கூடச் சாப்புட ஆள் வேணும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "சாவியக் குடுங்களேன்," என்றார். கொடுத்தார். கேஸை மறக்காமல் மூட வேண்டும் என்றும், பொட்டலம் கொடுப்பது நிற்காது என்றும் சொன்னார்.

முதல் புதன்கிழமை லயத்து அண்ணன் தன் பொட்டலம் ஒன்றை மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்தார். "குடுத்ததையே திருப்பிக் கொண்டாந்தா திட்டுவாங்களா?" என்று லோரித் தம்பியைக் கேட்டார். பொட்டலத்து அரிசி எல்லாம் ஒரே அரிசி. அதனால் ஒழுங்காகச் சோறு ஆக்கலாம் என்றேன். மக்சிக்கும் வேறு இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அண்ணன்தான், "கஞ்சியே வைங்க. பல்லு இல்ல," என்றார். அவர் பூண்டு உரித்தார். மக்சிக் உப்புப் பார்த்தார். வந்தவர்கள்தான் கழுவினார்கள். கழுவ எனக்கு இடமே விடவில்லை. அதனால் நானும் பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது. எதிரில் ஆள் இருக்கும்போது எங்கே பார்த்துச் சாப்பிடுவது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. முன்பு நாற்பது ஐம்பது பேர் வந்த மண்டபத்தில் இப்போது ஒரு மேசை நிறைந்தால் பெரிது. கூட வேலை செய்ய வேண்டும் என்றால் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சிலருக்கு அது முடியவில்லை. தொழிற்சாலைச் சட்டை போட்ட பெண் வரவேயில்லை. அவளுக்குப் பொட்டலம் போகிறதா என்று தம்பியைக் கேட்டேன். பெயர் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பெயர் தெரியாது. முகமும் தெரியாது. எப்படிக் கேட்டுக் கண்டுபிடிப்பது? குட்டை அலமாரிகளில் ஒன்றில் நானே இரண்டு டின் சாடினும் மைலோவும் வாங்கி வைத்திருக்கிறேன். யாரும் எடுக்கவில்லை. தேதி போனால் மாற்றி வைக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. காலையிலிருந்தே கொட்டியது. செம்பனைப் பாதையில் தண்ணீர் ஏறினால் அண்ணனின் மோட்டார் வராது. தம்பி முட்டிக்கு ஊசி போட ஆஸ்பத்திரி போயிருந்தார். அது தெரிந்தும் நான் கஞ்சி வைத்துவிட்டேன், சின்னச் சட்டியில். பகல் தாண்டியும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சியின் மேல் ஆடை படர்ந்தது. முன்பு மாதிரி அடுப்படியில் நின்று சாப்பிட்டிருக்கலாம். ஆனால் தட்டில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய், வாசல் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. சாரல் உள்ளே அடித்தது. முழுவதும் சாப்பிட்டேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் என் கரண்டிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தட்டைக் கழுவி, கேஸை மூடி, சட்டியில் இருந்ததைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டேன். ரொட்டி தின்னவில்லை.

அடுத்த புதன்கிழமை நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்தது எத்தனை பேர் என்று நினைவில்லை. நான் திறந்தேன், அது நிச்சயம்.

இதில் பிழை நிறைய இருக்கும். மண்டபச் சமையலை நிறுத்தினது தீபாவளிக்கு முன்பா பின்பா என்று எனக்குக் குழப்பம். லயத்து அண்ணன் வீட்டில் சாப்பிட்ட அன்று சாடினா, கருவாடா என்றும் இப்போது சந்தேகம் வருகிறது. சாடின் என்றே எழுதிவிட்டேன். கஞ்சி குடித்தவர்கள், கழுவினவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவு செய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். எழுதி அனுப்ப வேண்டாம். எழுத்தை நான் மெதுவாகத்தான் படிப்பேன். புதன்கிழமை வந்து நேரில் சொன்னால் போதும்.